நெட்டையின் பயம்

பேஸ்கட்பாலில் எங்களை எதிர்த்து ஆடிய அணிகள் எல்லாம் அவளைக் கண்டு பயந்தன. வடக்கே ஓர் அணியின் கோச், அவள் கோர்ட்டுக்குள் நுழையும்போது தன் பெண்களைத் திரும்பி உட்காரச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தால் கால் ஓடாதாம். ஆனால் அவள் எதைக் கண்டு பயந்தாள் என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவளோடு ஒரே அறையில் உடை மாற்றிய எங்களுக்கே வெகுநாள் தெரியவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் அவள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். ஆறடியைத் தாண்டிய உடம்பு. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். இரண்டு கைகளையும் அக்குளில் செருகி வைத்திருப்பாள். தொட்டால் சில்லென்று இருக்கும். திடீரென்று எழுந்து ஓடுவாள். குழாயடியில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். முகத்தைக் கழுவி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காருவாள்.

"ஏம்புள்ள, ஒவ்வொரு மேட்சுக்கும் இதே கூத்தா?" என்று கேட்பேன்.

"இன்னைக்கு என்னமோ நடக்கப் போவுது, குட்டை."

"போன வாரமும் இதையேதான சொன்ன?"

"போன வாரம் நடக்கல. அதுக்காக இன்னைக்கும் நடக்காதுன்னு யாரு சொன்னா?"

குட்டை என்பது நான். அவள் நெட்டை. கோயம்புத்தூரில் விளையாட்டு விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு இந்தப் பெயர்கள் வந்துவிட்டன. நான் குன்னூர். அவள் கூடலூருக்கு அந்தப்பக்கம், ஓவேலியில் ஒரு எஸ்டேட். சமவெளிக்காரப் பெண்களுக்கு மலை என்றால் ஒரே மலைதான். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று நினைத்து எங்களை ஒரே அறையில் போட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் போக அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் அப்பா, அம்மா இருவரும் சிறுவயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அதனால் அவள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டை லயம் என்பாள். எதைச் சொன்னாலும் கடைசியில் "வெளங்குதா?" என்பாள்.

விசில் ஊதிவிட்டால் அவள் வேறு ஆள். அவள் அதிகம் குதித்து நான் பார்த்ததில்லை. பந்து எங்கே இறங்கும் என்று முதலிலேயே தெரிந்தவள்போல அங்கே போய் நிற்பாள். இரண்டு மூன்று பேர் அவள் மேல் விழுந்து பறிக்கப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு மேலே ஒரு கை மட்டும் நீண்டு பந்தை எடுத்துக்கொள்ளும். அவள் விரல்கள் அவ்வளவு நீளம். விடுதியில் அதை வைத்து ஒரு வேடிக்கை காட்டுவாள். கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை மூடினால், விரல் நுனி மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்கும். நாங்கள் எல்லோரும் முயன்று பார்த்தோம். ஒருத்திக்கும் வரவில்லை.

அவள் பயம் ஆட்டத்தோடு முடிகிறதில்லை. யாராவது வெகுநேரம் அசையாமல் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. பஸ்ஸில் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவாள். கோச்சையே ஒருமுறை எழுப்பித் திட்டு வாங்கினாள். "மூச்சு இருக்கான்னு பாத்தேன் சார்" என்றாள். அணி முழுக்கச் சிரித்தது. போன் மணி அடித்தால் எடுக்க மாட்டாள். என்னை எடுக்கச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க மாட்டாள். கேட்டால், "உள்ள அடிக்கிற சத்தம் கேக்குது, புள்ள" என்பாள்.

ஒரு மே மாத விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். பலாப்பழக் காலம். வளைவில் திரும்பினதும் அவள் நின்றாள். நானும் நின்றேன். பாதை நடுவில் யானை. அதன் காது ஆடுவது தெரிந்தது, வயிற்றில் ஒட்டிய சேறு தெரிந்தது. நான் திரும்பி ஓடப் பார்த்தேன்.

அவள் என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையில் நடுக்கமே இல்லை. "ஓடாத. மெதுவாப் பின்னால வா" என்றாள். அப்படியே பின்னால் நடந்து, கீழே ஒரு லயத்து வாசலில் போய் நின்றோம். யானை எங்களைப் பார்த்தது, பிறகு பலா மரத்தின் பக்கம் போய்விட்டது.

"உனக்குப் பயமே இல்லையா?"

"அதுக்கு எதுக்குப் பயம்? அது நம்மளப் பாத்திருச்சு, நாம அதப் பாத்துட்டோம். வெலகிப் போனா முடிஞ்சுது."

விடுதிக் குழாயடியில் வாந்தி எடுக்கிறவளும் இவளும் ஒருத்திதானா என்று இருந்தது. அன்றைக்கு மத்தியானம்தான் அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மாவும் நெட்டைதானாம். முதுகில் கொழுந்துக் கூடை சின்னதாகத் தெரியுமாம். ஒருநாள் காலையில் பக்கத்து நிரையில் நின்றவளோடு பேசிக்கொண்டே கொழுந்து எடுத்தவள், பாதிப் பேச்சில் நிறுத்தியிருக்கிறாள். கத்தவில்லை, ஒன்றுமில்லை. ஏதோ எடுக்கக் குனிந்தாள் என்றே மற்றவர்கள் நினைத்தார்களாம். பிறகு அண்ணன். ஃபேக்டரியில் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாதவன். அவனும் வாசலில் குனிந்துதான் வருவானாம். லயத்தில் முனி அடித்துவிட்டது என்று சேவல் அறுத்தார்கள். சர்ச்சிலிருந்து வந்தும் ஜெபம் பண்ணினார்கள்.

"எங்க வீட்ல குட்டையா இருக்கவங்க எல்லாம் இருக்காங்க. எங்கப்பா இருக்காரு. நெட்டையா இருந்தவங்கதான் இல்ல. வெளங்குதா?" என்றாள்.

அப்போது அவள் மதினி, அண்ணனின் மனைவி, உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் போன பிறகு பிறந்த பெண் குழந்தை, நிவேதா. துணிக்கு வெளியே அதன் கால்கள் நீளமாகத் தொங்கின. நெட்டை அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு வருஷங்கள் ஓடின. என் முழங்கால் போய், நான் குன்னூருக்குத் திரும்பி, தேயிலை ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்புகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அவளுக்கு விளையாட்டினால் சென்னையில் வேலை கிடைத்தது. இந்திய அணிக்குப் போனாள். கேப்டன் ஆனாள். பதக்கம் வாங்கி வந்தபோது கூடலூரிலிருந்து எஸ்டேட் வரைக்கும் திறந்த ஜீப்பில், தப்பு அடித்து, மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே என் காதில், "குட்டை, இந்த ஜீப்புக்கு பிரேக் இருக்கான்னு டிரைவர்கிட்ட கேளு" என்றாள். கேட்டேன். இருந்தது. அவள் நம்பவில்லை.

எங்கே ஆடினாலும் ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் வரும். ஜெயித்ததைச் சொல்ல மாட்டாள். "இன்னைக்கும் ஒண்ணும் நடக்கல" என்பாள். சரி என்பேன். வைத்துவிடுவாள்.

பிறகு தாய்லாந்தில் ஒரு கிளப் சம்பளம் கொடுத்து அவளைக் கூப்பிட்டது. இங்கிருந்து அப்படி யாரும் போனதில்லை, பேப்பரில் எல்லாம் படம் வந்தது. அங்கே போன ஒரே வாரத்தில், என் ஆபீஸ் வாசலில் பெரிய பெட்டியோடு அவள் நிற்பதைப் பார்த்தேன். அங்கே சேருவதற்கு முன்னால் உடம்பைச் சோதித்திருக்கிறார்கள். நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் மொழிபெயர்க்க வந்த ஆள், "விளையாட வேண்டாம், ஊருக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் கோயம்புத்தூர் போனோம். இதய டாக்டர் வயதானவர், சத்தமில்லாமல் பேசுகிறவர். ஸ்கேன் பார்த்துவிட்டு அவளை எதிரே உட்காரவைத்தார்.

"கட்டை விரலை உள்ள மடக்கிக் கையை மூடுங்கம்மா."

மூடினாள். விரல் நுனி மறுபக்கம் வெளியே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி சின்ன வயசுல இருந்தே போடறீங்களா?"

"ஆமாங்க."

"வீட்ல யாராச்சும் திடீர்னு இறந்திருக்காங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் பதில் சொன்னேன். அம்மாவை, அண்ணனை.

அவர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். உயரமும் நீளமான விரலும் எல்லாம் அதோடு வருவதுதானாம். "இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் உங்களுக்கு வீங்கியிருக்குதுங்க. சைக்கிள் ட்யூபுல ஒரு இடம் மட்டும் உப்பி நிக்கும் பாருங்க, அந்த மாதிரி."

"வெடிக்குமா?"

"கிழியலாம். ஓடறப்ப, மோதறப்ப, அதுல அழுத்தம் ஏறும். நீங்க இத்தனை வருஷம் ஆடினதே..." என்று நிறுத்திக்கொண்டார். "சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிரணும். பந்தைத் தொடாதீங்க. குடும்பத்துல இன்னும் யாராச்சும் உயரமா இருந்தா கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். அவள் டீ குடித்து, பன் வாங்கி முழுதாகத் தின்று, இன்னொன்று கேட்டாள்.

"பேரு இருக்கு பாத்தியா, குட்டை. முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு."

அன்றிலிருந்து அவள் கை சில்லிட்டு நான் பார்க்கவில்லை. பயம் எல்லாம் எனக்கு வந்துவிட்டது. அவள் படி ஏறினால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தும்மினால் எழுந்து நின்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் தேசியப் போட்டி ஒன்று இருந்தது. அவள் வேலை செய்த துறையின் அணிதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். சென்னையில் அதிகாரி ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். வெளியே வராந்தாவில் அணிப் பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ்வளவு நாள் ஆடினீங்க. ஒண்ணும் ஆகலையே?" என்றார் அவர். "ஃபைனல் மட்டும் வந்து நில்லுங்க. ஓட வேண்டாம். நீங்க நின்னாலே அவங்க தோத்துருவாங்க. பத்து நிமிஷம் போதும்."

"முடியாதுங்க சார்."

"ஏன்?"

"பயமா இருக்கு சார்."

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கா? பயமா?"

"எப்பவுமே பயந்தான் சார். முன்னால எதுக்குன்னு தெரியாம ஆடிட்டேன். இப்பத் தெரியும்."

கதவு திறந்திருந்தது. வராந்தாவில் நின்ற பெண்களுக்கு எல்லாம் கேட்டது. நாங்கள் வெளியே வந்தபோது ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபைனலில் தோற்றார்கள். வெளிநாட்டில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை மறைக்க நோய் என்று நாடகம் ஆடுகிறாள் என்று பேசினார்கள். ஒரு பேப்பரில் கொஞ்சம் மறைமுகமாக எழுதவும் செய்தார்கள். அதை நான் ஒளித்துவைத்தேன். அவள் எடுத்துப் படித்துவிட்டு, "படம் நல்லா இருக்கு" என்றாள்.

ஆபரேஷன் அன்றைக்கு நானும் அவள் மதினியும் வெளியே உட்கார்ந்திருந்தோம். மதினி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். நெட்டை பிழைத்து வந்தாள். வீங்கிய குழாயை வெட்டி எடுத்துச் செயற்கைக் குழாயும் வால்வும் வைத்திருந்தார்கள். மற்ற இடங்களிலும் குழாய் பலவீனம்தான், வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வேலையை விட்டுவிட்டு ஓவேலிக்கே போனாள். அதற்குள் அப்பாவும் இறந்திருந்தார். லயத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டாள். அப்புறம் அவள் செய்த வேலையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்தாள். உயரமாக ஒரு பிள்ளை கண்ணில் பட்டால் நிறுத்துவாள். "கட்டை விரல உள்ள வச்சுக் கைய மூடு பாப்பம்" என்பாள். நுனி வெளியே வந்தால், பெற்றவர்களைத் தேடிப் போய், நெஞ்சை ஸ்கேன் எடுங்கள் என்று நிற்பாள். நெட்டையாக இருப்பவர்களுக்கெல்லாம் அந்த நோய் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பேர் போன விளையாட்டுக்காரி அல்லவா? பிறகு பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பையனுக்கு உண்மையிலேயே அந்த வீக்கம் இருப்பது தெரிந்தது. அந்த வீட்டில் எழுந்த அழுகை எல்லா லயத்துக்கும் கேட்டது. அதோடு சரி. அவள் வருவது மேட்டில் தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் ஒருமுறை கூடப் போய் அதைக் கண்ணால் பார்த்தேன். தப்பு அடித்து ஜீப்பில் கூட்டிக்கொண்டு போன அதே பாதை. வாசலில் காய்ந்த துணி இருக்கிறது, அடுப்பில் புகை இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. உள்ளே ஒரு குழந்தை இருமியது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

டீக்கடைக்கார மலையாளி அவளிடம் நேராகவே சொன்னார். "சேச்சி, இப்படி நடக்கண்டா. ஆளுகளுக்குப் பேடியா இருக்கு."

"பயம் இருக்கட்டும். நல்லதுதான்" என்றாள்.

எனக்கும் அவளோடு நடக்க அன்றைக்கு என்னவோ போல இருந்தது. அவள் சாவை அறிவிக்க வந்தவள்போல அந்த மக்கள் பார்த்ததில் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அவள் பிடிவாதமாக நிற்க முடியாத வாசல் ஒன்றே ஒன்றுதான். மதினியின் வாசல். நிவேதா அப்போது பள்ளிக்கூடத்தில் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். பேஸ்கட்பால் ஆடினாள், அத்தையைப் போலவே. மாவட்ட அணிக்கு எடுத்திருந்தார்கள்.

"டெஸ்ட் மட்டும் எடுத்துருவோம், மதினி."

"தெரிஞ்சு என்ன செய்ய?" என்றாள் மதினி. "எம்புருஷன் போனாரு, தாங்கிக்கிட்டேன். இவளுக்கும் இருக்குன்னு தெரிஞ்சா நான் தெனம் தெனம் சாவணும். நீ ஆடி வேலை வாங்கினல்ல? எம்புள்ளயும் வாங்கட்டும். இந்தக் கூடையோட முடிஞ்சு போவட்டும் எங்க காலம்."

நெட்டை வாசலிலிருந்து இறங்கிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் போன் பண்ணினாள். கூடலூரில் நிவேதாவின் மேட்ச். "நீ வந்துரு, குட்டை. நான் என்ன செஞ்சுருவனோன்னு பயமா இருக்கு" என்றாள். நான் போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கியிருந்தது. கோர்ட்டைச் சுற்றிக் கூட்டம். அவள் கோடு ஓரமாக நின்றாள். நிவேதா பந்துக்குத் தாவினாள், மோதி விழுந்தாள், எழுந்தாள். மறுபடி தாவினாள். பக்கத்தில் திரும்பினேன். நெட்டை இல்லை.

கோர்ட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். ரெஃப்ரி விசில் ஊதினார். கூட்டம் அவளை அடையாளம் கண்டுகொண்டு கைதட்டியது. பிள்ளைகளை வாழ்த்த வந்திருக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் ரெஃப்ரியின் கையிலிருந்து பந்தை வாங்கினாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் பந்தைத் தொட்டதில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு நடு வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் புள்ளைக்கு நெஞ்சு ஸ்கேன் எடுக்காம இஞ்ச யாரும் ஆட முடியாது."

கைதட்டல் நின்றது. பிறகு கூச்சல். யாரோ பாட்டிலை எறிந்தார்கள். நிவேதா அவள் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எந்திரிங்க அத்தை. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"நீங்க மட்டும் ஆடினீங்கல்ல? உங்களுக்கு எல்லாம் கெடச்சுதுல்ல? எனக்கு மட்டும் ஏன்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்கள். கடைசியில் அந்தப் பள்ளி விளையாட்டு டீச்சர்தான் பயந்துபோய், டாக்டர் சொல்லாமல் நிவேதாவை இனி இறக்க மாட்டேன் என்றாள். அதன் பிறகே அவள் எழுந்தாள்.

வேறு வழியில்லாமல் மதினி சம்மதித்தாள். கோயம்புத்தூரில் அதே டாக்டர். நிவேதாவுக்கும் இருந்தது. ஆரம்பம்தான், மாத்திரை போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் பல காலம் ஓட்டலாம் என்றார். ஆட்டம் மட்டும் கூடாது. மதினி ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிவேதா அழவில்லை. அத்தையைப் பார்த்து, "இனி எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள்.

அப்படியே நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாயும் மகளும் கோயம்புத்தூர் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து போவார்கள். அவள் அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் போவாள். ஆஸ்பத்திரியிலும் தூரத்து பெஞ்சில்தான் உட்காருவாள். சோதனை முடிந்து வெளியே வரும்போது மதினி யாரையும் பார்க்காமல், சுவரிடம் சொல்வதுபோலச் சத்தமாக, "குழாய் அளவு கூடலையாம்" என்பாள். அவள் எழுந்து மாத்திரைக் கடைக்குப் போவாள். எனக்குப் போன் வரும். "ஒண்ணும் நடக்கல, குட்டை."

போன வருஷம் தென்மேற்கு மழையில் ஒரு காலை. ஆபீசில் சாம்பிள் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் போன்.

"குட்டை, வந்திருச்சு."

"எதுடி?"

"அதுதான். முதுகுல, ரெண்டு தோளுக்கு நடுவுல. கத்தி வச்சு மேலேருந்து கீழ இழுக்குற மாதிரி இருக்கு. மேல லயத்துல நிக்கிறேன்."

"உக்காரு! முதல்ல உக்காரு. யாரையாச்சும் கூப்பிடு!"

"கூப்பிட்டாச்சு. ரோட்ல ஆனை நிக்குதாம், ஆம்புலன்ஸ் கீழயே நிக்குது. நீ கேளு." மூச்சு வாங்கினாள். குரலில் பதற்றம் இல்லை, யாருக்கோ வழி சொல்கிறவள்போல இருந்தது. "நிவேதாவ ஒரு தடவகூட விடாம டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போ. மதினிக்கு மூட்டு வலி, அவளால பஸ்ல அலைய முடியல. புள்ள பயப்படுவா. வெளியில காட்டிக்க மாட்டா. வெளங்குதா?"

"எனக்குப் பயமா இருக்கு புள்ள" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

பிறகு பல பெண்களின் குரல் ஒன்றாகக் கேட்டது. மழைச் சத்தம் கேட்டது. போன் அறுந்துவிட்டது.

மீதியை அங்கே போன பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதவைச் சாத்திய அதே பெண்கள்தான் கம்பளியில் இரண்டு பக்கமும் கம்பு கட்டி அவளைத் தூக்கியிருக்கிறார்கள். யானை நின்ற பாதையை விட்டு, மழையில் தேயிலைச் சரிவிலேயே இறங்கினார்களாம். கம்பளி அவளுக்குப் போதவில்லை, கால்கள் வெளியே தொங்கினவாம். வழுக்கி விழுந்து ஒருத்திக்குக் கை முறிந்தது. ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அது கூடலூர் போய்ச் சேருமுன்னே அவள் உயிர் போய்விட்டது.

அடக்கத்தில் நிவேதா தூரத்தில் நின்றாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள், அங்கேயிருந்து வந்து அங்கேயே போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், குன்னூரில் என் வீட்டு வாசலில் நிவேதா நின்றாள். தோளில் பை. தலை வாசல் நிலையைத் தொட்டது.

"ஆன்ட்டி, எனக்கு நாளைக்கு டெஸ்ட். நீங்க வர்றீங்களா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். பர்லியார் தாண்டியதும் நிவேதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அத்தை கடைசி சீட்ல இருப்பாங்க. டிரைவர் கண்ணாடில எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். "நான் பாக்கலைன்னு நெனச்சிருப்பாங்க."

நான் திரும்பிக் கடைசி சீட்டைப் பார்த்தேன்.

ஸ்கேன் அறைக்குள் நிவேதா போனாள். கதவு மூடியது. நான் வெளியே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்த் திரும்பிவிட்டார்கள். இவளை மட்டும் காணோம். ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனாள். பிறகு டாக்டர் போனார். நான் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டேன். அளவு கூடவில்லை, இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகத்தான் நேரமானது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு அது தெரியாது.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நிவேதா கூட வந்த அத்தை யாருங்க? டாக்டர் வரச் சொல்றார்."

பெஞ்சில் இருந்த யாரும் எழவில்லை. உள்ளே அந்தப் பெண் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"நான்தாங்க" என்று எழுந்தேன்.